ஆளில்லா வனவிடுதியில் குளிர்காலக் காவல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர்காலக் காவலுக்குப் புதிதாக வருகிறவர்களின் மூட்டையில் குறை கண்டுபிடிக்க முடியாது. கம்பளி, டார்ச், முதலுதவிப் பெட்டி, மாதக்கணக்கில் உணவு எல்லாம் இருக்கும். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். பனி வழியை மூடிய பிறகு, விவரம் தெரிந்தவர்களே திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

இரவில் கணப்பின் மூச்சை அடைப்பது

இதைப் பேச ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வரும். படுக்கப் போகுமுன் கணப்பு நிறைய விறகை அடுக்கி, காற்று வழியைக் கிட்டத்தட்ட முழுவதும் மூடிவிட்டு, "காலை வரைக்கும் தாங்கும்" என்று போர்த்திக்கொண்டு தூங்கிவிடுகிறார்கள். தாங்கவும் செய்யும். வினையே அதுதான்.

காற்று போதாத விறகு எரியாமல் புகைந்துகொண்டே கிடக்கும். அந்தப் புகையில் எரியாத தாரும் நீராவியும் இருக்கும். புகைபோக்கியில் ஏறும்போது சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தால் உட்சுவரில் படிந்துவிடும். இதுதான் கிரியோசோட். முதலில் உதிரும் கரியாக இருக்கும், பிறகு செதில் செதிலாக, கடைசியில் பளபளக்கும் கெட்டிப் பூச்சாக மாறும். அந்த நிலைக்குப் போய்விட்டால் தூரிகைக்கு மசியாது.

ஒருமுறை பொறுப்பை ஏற்றுக்கொள்ளப் போயிருந்தேன். அங்கே இருந்தவர் நல்ல உழைப்பாளி. தரை பளிச்சென்று இருந்தது, விறகு நூல் பிடித்தாற்போல் அடுக்கியிருந்தது. கணப்பின் கண்ணாடிக் கதவு மட்டும் கன்னங்கறுப்பு. "எவ்வளவு துடைத்தாலும் போக மாட்டேங்குது சார்" என்றார். கண்ணாடி கறுத்தால் தீக்குக் காற்று போதவில்லை, அல்லது விறகு ஈரம். புகைபோக்கியின் அடிமூடியைத் திறந்து, முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றைச் சாய்த்துப் பிடித்து மேலே பார்த்தேன். கீழ்ப்பகுதி சுத்தமாகத்தான் இருந்தது. கூரையைத் தாண்டி வெளிக்குளிரில் நிற்கும் நுனியிலோ, வானம் தெரியும் வட்டம் கைமுட்டி அளவுக்குச் சுருங்கியிருந்தது. "எட்டிப் பார்த்தேன், ஒன்றுமில்லை" என்பவர்கள் எல்லாரும் பார்ப்பது கீழ்ப்பகுதியைத்தான்.

அப்படிக் கிடக்கும் குழாயில் ஒருநாள் காய்ந்த விறகைப் போட்டுத் தீயை ஏற்றினால், படிந்த தாரே பற்றிக்கொள்ளும். உள்ளே வெப்பம் 1,000 டிகிரியைக்கூடத் தாண்டும். தலைக்கு மேல் ரயில் ஓடுவதுபோல் இரைச்சல் கேட்கும். கதவையும் காற்று வழியையும் இறுக மூடுங்கள். கோட்டு, பூட்ஸ், சாட்டிலைட் போன் மூன்றையும் எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். குழாய்க்குள் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூட்டில் குழாய் வெடித்துவிடும். தீயணைப்பு வண்டி வந்து சேர வழி கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

மாற்று வழி சுலபம். கொஞ்சமாகப் போட்டு நன்றாக எரியவிடுங்கள். புதிதாக விறகு வைத்தால் அது முழுக்கப் பற்றும்வரை காற்றைக் குறைக்காதீர்கள். விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும். ஈரமானியை வெளிப்புறத்தில் வைத்துப் பார்ப்பது வீண். கட்டையைப் பிளந்து, உள்முகத்தில் வைத்துப் பாருங்கள். கருவி இல்லையென்றால் இரண்டு கட்டைகளைத் தட்டிப் பாருங்கள். காய்ந்தது 'டங்' என்னும், ஈரம் 'தொப்' என்னும். படிவு 3 மில்லிமீட்டரை எட்டினால் கீழிருந்தே தூரிகை விட்டுத் தேய்த்துவிடுங்கள். விடியற்காலையில் அறை சில்லிட்டுப் போகும்தான். அதற்குத்தான் நல்ல உறக்கப் பை.

சாம்பல்

மூடியுள்ள உலோக வாளியில், கட்டடத்தைவிட்டுத் தள்ளி. அடியில் தணல் நாட்கணக்கில் கிடக்கும்.

குழாயைத் திறந்துவிட்டால் தண்ணீர் வடிந்துவிட்டது என்று நம்புவது

வடியாது. தாழ்ந்த வளைவிலும், பம்புக்குள்ளும், கழிப்பறையின் வளைகுழாயிலும் தேங்கியே நிற்கும். உறையும்போது தண்ணீரின் பருமன் சுமார் 9 சதவீதம் கூடுகிறது, குழாய் அங்கேயே விரிசல் விடும். அது அப்போது தெரியாது. பனி இளகி, தண்ணீரைத் திறந்துவிடும் நாளில் சுவருக்குள்ளிருந்து ஒழுகும்போதுதான் தெரியும். தாழ்ந்த இடத்து வால்வுகளைத் திறந்து, காற்றழுத்தத்தால் ஊதி எடுங்கள். வளைகுழாய்களில் புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த உறையெதிர்ப்பு நீரை ஊற்றுங்கள். கார் ரேடியேட்டருக்கானதை ஊற்றாதீர்கள், அதில் பெரும்பாலும் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம்.

கூரைப் பனியைத் தள்ள ஏறுவது

தனியாக ஏறக்கூடாது. நீளக்கம்புப் பனிவாரியால், தரையில் நின்று இழுங்கள்.

பேட்டரி

முழுதாய்ச் சார்ஜ் ஏறிய ஈய-அமில பேட்டரி கடுங்குளிரைத் தாங்கும். சார்ஜ் இறங்கிவிட்டால் மைனஸ் 10-ஐ ஒட்டியே உறைந்து உப்பிவிடும். லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யாதீர்கள்.

அழைப்பு நேரத்தை மட்டும் குறித்துவைப்பது

"தினமும் சாயங்காலம் பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். பேசாவிட்டால் என்ன செய்வது? மறுமுனையில் இருப்பவர், போன் சார்ஜ் இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பார். எத்தனை மணி நேரம் தாமதமானால், யாரை, எந்த எண்ணில் அழைக்கவேண்டும் என்பதை எழுதி அவர் கையில் கொடுங்கள். கொடுத்ததை உங்கள் முன்னாலேயே ஒருமுறை படித்துக்காட்டச் சொல்லுங்கள்.