மணவாளக்குறிச்சிக் கதிர்வீச்சு அறிக்கையை வாசிக்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்னும் தாது உண்டு. அதிலுள்ள தோரியம் என்ற கதிரியக்கத் தனிமத்தால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சு கூடுதல். இதுபற்றிய ஆய்வறிக்கை கைக்கு வந்தால் முடிவுரையை விடுங்கள். ஆய்வுமுறைப் பகுதியை முதலில் திறங்கள். எது முக்கியம், எது போதும் என்ற மதிப்பீடுகள் நுழையும் வாசல் அதுதான்.

ஒருவர் திறந்தவெளியில் இருக்கும் நேரத்துக்கு என்ன பின்னம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வழக்கமாக 0.2. அதாவது ஆண்டின் 8,760 மணியில் 1,752 மணி. கதிர்வீச்சு மானி மணிக்கு 1 மைக்ரோசீவர்ட் (சீவர்ட் என்பது உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) காட்டினால் ஆண்டுக்கு 1.75 மில்லிசீவர்ட். ஆனால் தினமும் 8 மணிநேரம் கரையிலிருந்து வலை சரிசெய்பவருக்கு அது 2.92. கருவி ஒன்றுதான், ‘சராசரி மனிதர்’ யார் என்று தீர்மானித்தவர்தான் எண்ணை மாற்றினார்.

அடுத்து, ‘பாதிப்பு இல்லை’ என்ற வரி. எத்தனை பேரைப் பார்த்தார்கள்? 3-ஐ அந்த எண்ணிக்கையால் வகுங்கள்; ஒருவருக்கும் நோய் தென்படாதபோது, 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடிய உச்சவரம்பு தோராயமாகக் கிடைக்கும். 300 பேரில் ஒருவருக்கும் நோய் இல்லையென்றாலும், உண்மை விகிதம் 1 சதவீதம் வரை இருக்க இடமுண்டு. அது போதுமா என்பதற்குப் புள்ளியியலில் விடை கிடையாது. எவ்வளவு சான்று போதும் என்பது தவறினால் வரும் கேட்டைப் பொறுத்தது என்று தத்துவவாதி ரிச்சர்ட் ரட்னர் 1953-இல் வாதிட்டார். நிகழ்தகவைச் சொல்வதோடு விஞ்ஞானி நிறுத்திக்கொள்ளலாமே என்றார் இன்னொரு தத்துவவாதி ரிச்சர்ட் ஜெஃப்ரி, 1956-இல். நல்ல மறுப்புதான், ஆனால் அந்த 0.2-ஐ யாராவது தேர்ந்தெடுத்தாக வேண்டுமே!

பலர் சறுக்குவது இதற்குப் பிறகு: ஒரு மதிப்பீட்டைக் கண்டதும் அறிக்கை முழுவதையும் பொய் என்று தள்ளுவார்கள். அளவீட்டை வைத்துக்கொண்டு, பின்னத்தை மட்டும் மாற்றி மறுபடி கணக்கிடுங்கள்.