‘வந்தது’, ‘போனது’ என்று எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் வடக்கே வன்னியில், 2009இல் முடிந்த போரின்போது நடந்ததைப் பற்றிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுவதை வாசித்தால் ஒரே மாதிரியான வசனங்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். “சண்டை வந்தது. சனம் இடம்பெயர்ந்தது. 2009இல் எல்லாம் போய்விட்டது.” இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று வசனத்திலும் யாரும் எதையும் செய்யவில்லை. சண்டை மாரிமழை மாதிரித் தானாக வருகிறது, சனம் தானாக நகர்கிறது, வீடும் வயலும் கால் முளைத்துப் போய்விடுகின்றன.

நடந்ததை நடையாகவும் பயணமாகவும் பேசுவது நமக்குப் பிறவிப் பழக்கம். “நடந்தது” என்பதே நடைதானே. “வாற கிழமை”, “போன வருசம்” இல்லாமல் ஒருநாள்கூடக் கதைக்க முடியாது. உருவகம் கவிதைக்கு மட்டும் உரியதில்லை, நாம் யோசிப்பதே அதை வைத்துத்தான் என்று 1980இல் லேக்கொஃப், ஜோன்சன் என்ற இரண்டு அறிஞர்கள் விரிவாகக் காட்டினார்கள். ஆகவே இந்தச் சொற்களை முழுதாக விட்டுவிடப் பார்ப்பதும் ஒரு தவறுதான், எழுத்து செத்துப்போகும். எங்கே அவை எதை மறைக்கின்றன என்று பார்த்தால் போதும்.

பெரிய தவறு, செய்தவரை வினைச்சொல்லுக்குள் ஒளித்துவிடுவது. பதுங்குகுழியான பங்கருக்குள் இருந்தபோது, பீரங்கிக் குண்டைப் பார்த்து “செல் வருது, படுங்கோ” என்றுதான் கத்தினோம், அந்த நேரத்தில் தெரிய வேண்டியதும் அவ்வளவுதான். இத்தனை வருசம் கழித்து எழுதும்போதும் “செல் வந்தது” என்று நிறுத்தினால் அது எங்கிருந்தும் வராத செல் ஆகிவிடுகிறது. யார் அடித்தது, எந்தப் பக்கமிருந்து, என்றைக்கு, இதில் தெரிந்ததை எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள்.

இதிலேயே மிகவும் வலிப்பது “காணாமல் போனவர்கள்”. மணிக்கூடு காணாமல் போகும், மாடு காணாமல் போகும். தாய் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் இராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளை எப்படிக் காணாமல் ‘போகும்’? 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் போராட்டத்தைத் தொடங்கிய உறவுகள் “வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்” என்ற சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அரசு அமைத்த அலுவலகத்தின் பெயரிலோ ஆட்கள் ‘போன’வர்களாகத்தான் இருக்கிறார்கள். போனவர் என்றால் திரும்பி வரலாம், வராமலும் விடலாம். ஆக்கப்பட்டவர் என்றால் ஆக்கியவர் ஒருவர் பதில் சொல்ல வேண்டும்.

சரி, அதற்காக எல்லாவற்றையும் “இடம்பெயர்க்கப்பட்டோம்”, “துரத்தப்பட்டோம்” என்றே எழுதித் தள்ளினால் இன்னொரு பக்கம் பிழையாகிவிடும், சனம் வெறும் மூட்டை ஆகிவிடும். எப்போது வெளிக்கிடுவது, எந்தப் பாதையால் போவது, ஆட்டைக் கட்டவிழ்த்து விடுவதா, ஏலாத கிழவியை யார் தூக்குவது என்று ஒவ்வொரு குடும்பமும் முடிவெடுத்தது. அந்த முடிவுகளும் எழுத்தில் வர வேண்டும்.

“பின்தங்கிய மாவட்டம்” என்று முல்லைத்தீவைச் சொல்லும்போது எல்லாரும் ஒரே வீதியில் ஓடினோம், இவர்கள் மெதுவாக ஓடிவிட்டார்கள் என்ற படம் விழுகிறது. வன்னியை ஊடறுத்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியே 2006 ஆகஸ்டில் பூட்டப்பட்டதே! அது பூட்டிக் கிடந்த காலத்தைச் சொல்லாமல் இந்தச் சொல்லைப் பாவிக்காதீர்கள். “முன்னேற்றம்” என்பதிலும் கவனம் வேண்டும். 1997இல் ஜெயசிக்குறு என்ற இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது ஆமி வவுனியாவிலிருந்து வடக்கே வந்ததும் ‘முன்னேற்றம்’தான், இன்று அபிவிருத்திப் பலகைகளில் இருப்பதும் அதே சொல்தான், ஒரு வயதான ஆளுக்கு இரண்டும் ஒரே மாதிரிக் கேட்காது.

கடைசியாக, “பழசை விட்டு முன்னுக்குப் போங்கோ” என்ற புத்திமதி. தமிழில் முன்னோர் என்றால் நமக்கு முந்தியவர்கள், “பத்து வருசத்துக்கு முன்” என்றால் நடந்து முடிந்தது. அந்த ‘முன்’னில் பழையது நம் கண்ணுக்கு எதிரேதான் நிற்கிறது. அதை முதுகுக்குப் பின்னால் போடச் சொல்பவர் பிள்ளைகளைத் தேடும் அந்தத் தாய்மாரிடம் என்ன கேட்கிறார் என்று யோசித்துவிட்டுச் சொல்லட்டும்.

அந்த மூன்று வசனத்தை எழுதிய பிள்ளை ஒன்று வீட்டில் விசாரித்துவிட்டு இப்படித் திருத்தி வந்தது: “2008 ஒக்டோபரில் கிளிநொச்சிக்கு ஆமி செல் அடித்தது. அம்மப்பா கூரைத் தகரத்தைக் கழற்றி லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றித் தருமபுரத்துக்குக் கொண்டுபோனார். கிணற்றடித் தென்னையை மட்டும் கொண்டுபோக முடியவில்லை.”