இத்தாலியில் பெயரை எழுத்துக்கூட்டும்போது

பலெர்மோவுக்குப் புதிதாக வரும் நம்மவர்களுக்கு இத்தாலியன் சொல்லிக்கொடுக்கிறேன். ஆண்பால், பெண்பால் குழப்பமெல்லாம் பேசப் பேசத் தானாகச் சரியாகிவிடும், அதை விடுங்கள். வெளியூர் எழுத்துகளில் நான் செய்த தவறுகளையே வருகிறவர்களும் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். இத்தாலியன் அகரவரிசையில் 21 எழுத்துகள்தான். ஜே, கே, டபிள்யூ, எக்ஸ், ஒய் ஐந்தும் வெளியிலிருந்து வந்தவை. நம் பெயர்களிலோ ஜேயும் கேயும் ஒய்யும்தான் நிறைய.

ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான். என் பெயர் ஜெயந்தி. வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் படிவம் நிரப்பியவர், பாஸ்போர்ட்டைத் திறந்து பார்க்காமல் பெயரைச் சொல்லச் சொன்னார். நானும் "ஜே, ஈ, ஒய், ஏ" என்று கடகடவென்று சொன்னேன். ஆங்கிலத்தில் நாம் 'ஈ' என்கிற எழுத்தை அவர்கள் 'எ' என்பார்கள். நாம் 'ஈ' என்றால் அவர்கள் எழுதுவது ஐ. நாம் 'ஏ' என்றால் எழுதுவது ஈ. ஜே அவர் காதில் ஜியாக விழுந்தது. ஒய்யை விட்டேவிட்டார்.

அந்தப் பெயரில்தான் என் கோதிச்சே ஃபிஸ்காலே, அதாவது வரி அடையாள எண், உருவானது. எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 16. முதல் மூன்று குடும்பப் பெயரின் மெய்யெழுத்துகள், அடுத்த மூன்று நம் பெயரின் மெய்யெழுத்துகள். எனக்கு அந்த இரண்டாவது மூன்றும் ஜேயில் தொடங்கவேண்டிய இடத்தில் ஜியில் தொடங்கின. கடைசியில் வரும் சரிபார்ப்பு எழுத்தும் அதோடு மாறிவிட்டது. மருத்துவ அட்டையிலும் அதே எண். வங்கியில் பாஸ்போர்ட்டோடு பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். திருத்தி வாங்க ஏழு மாதம் அலைந்தேன்.

சரி, எப்படிச் சொல்வது? இங்கே ஊர்ப்பெயர் வைத்துச் சொல்வார்கள்: "எ கோமெ எம்போலி", "ஆ கோமெ அங்கோனா". 'கோமெ' என்றால் 'போல'. வெளியூர் எழுத்துகளுக்குத் தனிப்பெயர் உண்டு: ஜே 'இ லுங்கா', கே 'காப்பா', டபிள்யூ 'தொப்பியா வு', எக்ஸ் 'இக்ஸ்', ஒய் 'இப்சிலோன்'. எச்சின் பெயர் 'அக்கா'. நமக்கு அது மறக்கவே மறக்காது. அப்புறம், எழுதியதை அவர்களையே திரும்பப் படிக்கச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள்.

ஜேயை எங்கும் 'ஜ' என்று படிப்பது

கால்பந்து அணியான யுவெந்துஸ், வெனிஸ் பக்கத்துக் கடற்கரை ஊரான யேஸொலோ இரண்டும் ஜேயில்தான் தொடங்குகின்றன. பழைய சொற்களில் அது 'ய'. ஜீன்ஸ், ஜாஸ் போல ஆங்கிலத்திலிருந்து வந்தவற்றில் மட்டும் 'ஜ'.

டபிள்யூவை நீட்டிச் சொல்வது

பிஎம்டபிள்யூ கார் 'பி எம்மெ வு'. இணைய முகவரி 'வு வு வு'. சுருக்கெழுத்துகளில் 'வு' போதும்.

ஆங்கிலச் சொற்களின் பன்மைக்கு எஸ் சேர்ப்பது

வேண்டாம். ஒரு ஃபில்ம், பத்து ஃபில்ம்.

'பெர்கே'யை எக்ஸ் போட்டுச் சுருக்குவது

'பெர்கே' என்றால் 'ஏன்'. பெருக்கல் குறியை 'பெர்' என்று படிப்பதால் அந்த எக்ஸ். நண்பர்களுக்கு அனுப்பும் செய்தியில் மட்டும். படிவத்தில் கூடாது.

என் வகுப்பில் முதல் நாள் பாடம் வணக்கம் சொல்வது இல்லை. ஒவ்வொருவரும் எழுந்து நின்று தன் பெயரை ஊர்ப்பெயர் வைத்துச் சொல்லவேண்டும். பக்கத்தில் இருப்பவர் எழுதவேண்டும். எழுதியது பாஸ்போர்ட்டில் இருப்பதோடு ஒத்துப்போகும்வரை அடுத்த பக்கம் திருப்புவதில்லை.