மழையில் மேடேறி ஓடுகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

நீலகிரியில் மழை எல்லா ஊரிலும் ஒன்றாகப் பெய்வதில்லை. கூடலூர், தேவாலா பக்கம் ஆனி, ஆடியில் கொட்டித் தீர்க்கும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஜனவரி மாரத்தானுக்குத் தயாராகிறவர்களுக்குப் பயிற்சி உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். மழைக்குப் பயந்து வீட்டில் உட்கார முடியாது. சீகை மரக்காட்டு ஒற்றையடிப் பாதையில் ஒரு மேட்டைப் பிடித்துக்கொண்டு, 60 முதல் 90 வினாடி மூச்சிரைக்க ஏறி, மெதுவாக இறங்கி, மறுபடி ஏறுவோம். ஆறிலிருந்து எட்டு ரவுண்டு.

இதில் எல்லாரும் கவலைப்படுவது ஏற்றத்தைப் பற்றி. ஆனால் விழுகிறவர்களில் பெரும்பாலானோர் விழுவது இறக்கத்தில், அதாவது ஓய்வு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில். நானும் அப்படித்தான் விழுந்தேன். ஐந்தாவது ரவுண்டு முடிந்திருந்தது. 'அப்பாடா' என்று உடம்பைத் தளர விட்டு இறங்கினேன். பாதையின் குறுக்கே ஒரு வேர், பலர் மிதித்துத் தோல் உரிந்து, சோப்புப் போட்டதுபோல் பளபளத்துக் கிடந்தது. அதே வேரை நான்கு முறை கவனமாகத் தாண்டியிருந்தேன். ஐந்தாவது முறை அதன் மேலேயே காலை வைத்தேன். உள்ளங்கைத் தோல் போனது, இடுப்பு ஒரு வாரம் வலித்தது.

காரணம் எளிது. ஏறும்போது கால் தவறினால் கையை ஊன்றிக்கொள்ளலாம், தரை முகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இறங்கும்போது உடம்பின் எடை முழுவதும் முன்னே தள்ளும். தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே பிரேக் போட வேண்டும். மறுநாள் படி இறங்க முடியாமல் செய்வது இந்த வேலைதான். ஐந்து ரவுண்டு ஏறிக் களைத்த தசைக்குச் சரியான நேரத்தில் பிடிப்பு வராது. அதனால் மழை நாளில் ஓடி இறங்காதீர்கள், நடந்தே இறங்குங்கள். ஓய்வு நேரம் இரண்டு நிமிடம் கூடினால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஏறுவதற்கு முன்பே பாதையை ஒருமுறை மேலிருந்து கீழாக நடந்து, வேர், பாசிக்கல், இலை மூடிய குழி எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

அடுத்தது கைக்கடிகாரம். தார்ச்சாலையில் ஓடிய வேகத்தையே காட்டுச் சேற்றிலும் எதிர்பார்த்து, எண் குறைவாகத் தெரிந்ததும் இன்னும் முறுக்குகிறவர்கள் நிறைய பேர். அடர்ந்த மரங்களின் கீழே ஜிபிஎஸ் தடுமாறும். குளிரில் தோலுக்கு வரும் ரத்தம் குறைவதால், மணிக்கட்டில் பார்க்கும் நாடித்துடிப்பையும் நம்ப முடியாது. அப்படியே சரியாகக் காட்டினாலும், ஒரு நிமிட ஏற்றத்தில் துடிப்பு உயர்ந்து வருவதற்குள் ரவுண்டே முடிந்துவிடும். சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. கோத்தகிரி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கோயம்புத்தூர் வேகம் இங்கே வராது. கடிகாரத்துக்குப் பதில் மூச்சையே அளவாக வையுங்கள். இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச முடியவில்லையென்றால் போதுமான அளவு உழைக்கிறீர்கள் என்று அர்த்தம். கடைசி ரவுண்டும் முதல் ரவுண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். முதலிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடக் கூடாது.

ஏறும் முறையிலும் ஒரு தவறு இருக்கிறது. காய்ந்த மேட்டில் நுனிக்காலால் உதைத்து எட்டி எட்டிப் போகலாம். ஈரத்தில் அந்த உதை பின்னால் வழுக்கிப் போய், தொடையின் பின்தசையைத்தான் சுண்டும். அடியைக் குட்டையாக்கி, பாதத்தை முடிந்தவரை முழுசாக, உடம்புக்கு நேர் கீழே வையுங்கள். பார்வை காலடியில் வேண்டாம், மூன்று நான்கு மீட்டர் முன்னே இருக்கட்டும்.

சாலை ஓட்டத்துக்கான ஷூ இங்கே உதவாது. அடியில் நான்கைந்து மில்லிமீட்டர் பல் இருக்கும் ட்ரெயில் ஷூ (காட்டுப் பாதைக்கான ஷூ) சேற்றைப் பிடிக்கும். ஆனால் நனைந்த பாறையையும் வேரையும் எந்தப் பல்லும் பிடிக்காது. பருத்திச் சட்டை, பருத்தி சாக்ஸ் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

ஏறும்போது மழை கோட்டு தேவையில்லை, உள்ளே வியர்த்துக் கொட்டும். அது தேவைப்படுவது ஓட்டம் முடிந்த பிறகுதான். நனைந்த உடம்போடு பத்து நிமிடம் நின்று கதை பேசினால் நடுக்கம் பிடித்துவிடும். காய்ந்த சட்டை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப் போங்கள். முதலில் அதை மாற்றுங்கள், அப்புறம் டீ.

இடி விஷயத்தில் மட்டும் வீரம் காட்ட வேண்டாம். மின்னல் வெட்டி 30 வினாடிக்குள் இடி கேட்டால், அது சுமார் 10 கிலோமீட்டருக்குள் விழுந்திருக்கிறது. அன்றைய ஓட்டம் அத்தோடு சரி. மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்கோ காருக்கோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடமாவது வெளியே வராதீர்கள். பலத்த காற்றென்றால் கற்பூர மரத்துக்கும் (யூகலிப்டஸ்) சில்வர் ஓக்குக்கும் கீழே நிற்பதே ஆபத்து, கிளை சொல்லிக்கொண்டு விழாது.

இயர்போனும் வேண்டாம். மழைச் சத்தத்தில் நீங்கள் வருவது காட்டுமாட்டுக்குக் கேட்காது, பனிமூட்டத்தில் அது நிற்பது உங்களுக்குத் தெரியாது. தேயிலைத் தோட்ட ஓரம் என்றால் கரடியும் உண்டு. தனியாகப் போகாதீர்கள், அவ்வப்போது குரல் கொடுத்துக்கொண்டே ஓடுங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது.

அட்டை கடித்தால் பதற்றப்பட்டுப் பிய்க்காதீர்கள். நகத்தை வைத்து அதன் வாய்ப்பக்கம் தள்ளினால் கழன்றுவிடும். ரத்தம் உறையாமல் செய்யும் பொருளை அது விட்டுப்போயிருக்கும், அதனால் கொஞ்ச நேரம் கசியும். அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

வீட்டுக்கு வந்ததும் ஷூவை அடுப்போரம் வைத்துவிடாதீர்கள், அடிப்பாகத்தின் பசை விட்டுப்போகும். உள்ளே காலுக்கடியில் இருக்கும் மெத்தையை (இன்சோல்) வெளியே எடுத்து, பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் தாள் ஊறியிருக்கும், மாற்றிவிட்டுத் தூங்கப் போகலாம்.