பீரோ மேலிருந்து இறங்கிய கேமராவும் வீணாகப் போகும் முதல் ரோலும்

புதிதாக பிலிம் கேமரா கற்றுக்கொள்கிறவர்கள் பயந்து பயந்து செய்வதால் ஓரளவு தப்பிவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் எடுத்துப் பழகி, நடுவில் டிஜிட்டலுக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறவர்கள்தான் அதிகம் சொதப்புகிறோம். கைக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கும், ஆனால் முழுசாகத் தெரிந்த மாதிரி நடந்துகொள்ளும்.

என் கதையையே சொல்கிறேன். அக்கா பேத்தியின் காதுகுத்து. எத்தனை படம் எடுத்தோம் என்று காட்டும் கவுண்டர் 36-ஐத் தொட்ட பிறகும், பிலிமை நகர்த்தும் லீவர் இழுபட்டது. சரி, ரெண்டு படம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். இன்னும் நாலு தடவை இழுத்த பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. பின்மூடியைத் திறந்தால், பிலிமின் நாக்கு, அதாவது வெளியே நீட்டியிருக்கும் முனை, அதைச் சுற்றிக்கொள்ளும் ஸ்பூலில் மாட்டாமல் போட்டபடியே கிடக்கிறது. ரோல் தப்பியது, புத்தம்புதிதாக. ஆனால் காதுகுத்து முடிந்து, குழந்தை அழுது தூங்கியும் போயிருந்தது.

கவுண்டர் எண்ணுவது நாம் லீவரை இழுத்த தடவைகளை மட்டும்தான், பிலிம் நகர்ந்ததை அல்ல. ரோல் போட்டு மூடியதும், பிலிமைத் திரும்பச் சுருட்டும் இடப்பக்கத்து ரிவைண்ட் குமிழை அம்புக்குறிப் பக்கமாக மெதுவாகத் திருப்பித் தொய்வை எடுத்துவிடுங்கள். அப்புறம் லீவரை இழுக்கும்போது அந்தக் குமிழும் கூடவே சுழல வேண்டும். சுழலவில்லையென்றால் உள்ளே பிலிம் ஓடவில்லை.

அடுத்த தவறு, கேமராவுக்கு வயதாகிவிட்டதை மறப்பது. பென்டாக்ஸ் கே1000 வெளிவந்தது 1976-ல், நிறுத்தியது 1997-ல். கடைசியாக வந்ததற்கே கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. பின்மூடி ஓரத்தில் வெளிச்சம் புகாமல் இருக்க ஒட்டிய ஸ்பாஞ்ச், இத்தனை நாளில் உருகிய தார் மாதிரி கையில் ஒட்டும். அதை மாற்றாமல் எடுத்தால் படத்தின் ஓரத்தில் செம்மஞ்சள் கோடுகள் விழும். ரோல் போடுவதற்கு முன் பின்மூடியைத் திறந்து வைத்து, 1 விநாடியிலிருந்து ஒவ்வொரு வேகமாக ஷட்டரை அடித்துப் பாருங்கள். மெதுவான வேகங்கள்தான் முதலில் சிக்கும். லென்ஸுக்குப் பின்னால் டார்ச் அடித்தால், நம் கடலோர ஈரப்பதத்தில் வளர்ந்த பூஞ்சை சிலந்தி வலை போலத் தெரியும்.

பேட்டரியிலும் ஒரு வில்லங்கம் உண்டு. 60, 70-களின் கேமராக்கள் பல 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தவை. அது இப்போது கிடைப்பதில்லை. அதே அளவில் 1.5 வோல்ட் போட்டால் பல கேமராக்களில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் தவறாகக் காட்டும். போனில் ஒரு லைட் மீட்டர் ஆப் போட்டு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கே1000-க்கு இந்தத் தொல்லை இல்லை. அதற்குப் பதில், மீட்டரை அணைக்க சுவிட்சே கிடையாது. லென்ஸ் மூடியைப் போட மறந்தால் பேட்டரி தீரும்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு வெளிச்சக் கணக்கில்தான். டிஜிட்டலில் வெள்ளை வெளுத்துப்போனால் திரும்ப வராது. அதனால் கொஞ்சம் இருட்டாகவே எடுத்து, நிழலைக் கம்ப்யூட்டரில் தூக்கிப் பழகிவிட்டோம். நெகடிவ் பிலிமில் இது தலைகீழ். நிழலில் வெளிச்சம் போதாவிட்டால் நெகடிவில் அந்த இடம் வெறும் கண்ணாடி மாதிரி இருக்கும். தூக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரண்டு மடங்கு), ஏன் இரண்டு ஸ்டாப் (நாலு மடங்கு) கூடினாலும் கலர் நெகடிவ் தாங்கிக்கொள்ளும்.

கோயில் பிராகாரத்தில் தூணோரம் பாட்டி உட்கார்ந்திருக்கிறார், பின்னால் வெயில் கொளுத்தும் முற்றம். அப்படியே மீட்டர் பார்த்தால் முற்றத்து வெளிச்சத்தில் ஏமாந்து பாட்டி முகத்தைக் கரியாக்கிவிடும். பாட்டி இருக்கும் நிழலுக்குள் போய், அந்த நிழலை மட்டும் பார்த்து அளவு வைத்துக்கொண்டு, பிறகு பின்னுக்கு வந்து எடுங்கள். முற்றம் கொஞ்சம் வெளுக்கும், பரவாயில்லை. நெகடிவாக இல்லாமல் நேரடியாகவே படமாக வரும் ஸ்லைடு பிலிம் மட்டும் விதிவிலக்கு. அது டிஜிட்டல் மாதிரியே வெளிச்சம் கூடினால் மன்னிக்காது.

ஒரே ரோலில் பாதியை ஐஎஸ்ஓ (பிலிமின் வெளிச்ச உணர்திறன்) 400-லும் மீதியை 1600-லும் எடுப்பதும் டிஜிட்டல் பழக்க தோஷம். ரோல் முழுக்க ஒரே தொட்டியில், ஒரே நேரக் கணக்கில்தான் கழுவப்படும்.

காலாவதியான பழைய ரோல் மேல் உள்ள மோகம் தனி. பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் கூட்டு என்பார்கள். அது குளிர்ச்சியில் இருந்த ரோலுக்குச் சரி, மூடிய ஸ்டூடியோவின் அலமாரியில் இருபது கோடை வெந்த ரோலுக்குச் செல்லாது. மூடிப்போன ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ ரோல் கிடைத்தால் ஷோகேஸில் வையுங்கள், கல்யாணத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். புது ரோலை ஃபிரிட்ஜில் வைக்கலாம். ஆனால் வெளியே எடுத்ததும் டப்பியைத் திறக்கக் கூடாது, சில மணி நேரம் விடுங்கள். இல்லையென்றால் பிலிமில் வியர்க்கும்.

வீட்டிலேயே கருப்பு வெள்ளை கழுவுகிறவர்களுக்கு எதிரி நம் தண்ணீர். டப்பியில் போட்டிருக்கும் கழுவும் நேரம் 20 டிகிரி சூட்டுக்கு. சித்திரையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் 30-ஐத் தாண்டும். இல்ஃபோர்டு ஹெச்பி5 பிளஸ் என்ற கருப்பு வெள்ளை பிலிமை ஐடி-11 என்ற மருந்தில், தண்ணீர் கலக்காமல் கழுவ 20 டிகிரியில் ஏழரை நிமிடம். சூட்டுக்கு ஏற்பக் குறைத்துக்கொண்டே போனால் ஐந்து நிமிடத்துக்குக் கீழே இறங்கி, வானம் திட்டுத்திட்டாக வரும். மருந்துக்குச் சமமாகத் தண்ணீர் கலந்தால் அதே 20 டிகிரியில் 13 நிமிடம், கொஞ்சம் சூடு ஏறினாலும் சமாளிக்கலாம். ஐஸ் கட்டியை மருந்துக்குள் போடாதீர்கள். பாத்திரத்தை ஐஸ் தண்ணீர் நிரம்பிய பேசினில் உட்கார வைத்தால் போதும்.

விமான நிலையத்தில் ரோலைச் செக்-இன் செய்து அனுப்பும் பெட்டியில் போடவே போடாதீர்கள். கைப்பையில் வைத்து, கையால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். புது சி.டி. (CT) எக்ஸ்ரே ஸ்கேனர்கள் ஒரே தடவையில் பிலிமை மூட்டம் போட்டுவிடும். சினிமா பிலிமை வெட்டிச் சுருட்டிய ரோல் என்றால் லேபில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதன் முதுகில் கரும்பூச்சு இருந்தால், சாதாரண கலர் மருந்தில் இறக்கும்போது அது உரிந்து மருந்தில் கலந்து எல்லோர் படமும் கெடும்.

ஸ்கேன் போனுக்கு வந்ததும் நெகடிவை லேபிலேயே விட்டுவிடாதீர்கள். சில மாதம் கழித்துப் போனால் குப்பைக்குப் போயிருக்கும். வாங்கி, உறையின் மேல் பென்சிலால் தேதி எழுதி, ஈரம் படாத டப்பாவில் வையுங்கள்.