மேரி ராணி பாடத்தைக் குழப்பாமல் நடத்துவது எப்படி

முதல் தடவை ஸ்காட்லாந்து ராணி மேரியைப் பற்றிப் பாடம் எடுத்தபோது பாதியில் ஒரு மாணவி எழுந்தாள். "சார், புராட்டஸ்டன்டுகளை எரிச்சது இவங்கதானே?" இல்லை, அது இங்கிலாந்தின் மேரி டியூடர். தப்பு என்னுடையதுதான். இப்போதெல்லாம் கரும்பலகையில் முதலில் மூன்று மேரிகளையும் எழுதிவிடுகிறேன்: மேரி டியூடர், நம் ராணியின் அம்மா மேரி ஆஃப் கீஸ், அப்புறம் நம் மேரி ஸ்டூவர்ட்.

அடுத்து வம்சக்கொடி. இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் அக்கா மார்கரெட், மேரியின் அப்பாவைப் பெற்றவர். ஹென்றியின் மகளான இங்கிலாந்து ராணி எலிசபெத்துக்கு, அதே அரியணைக்கு உரிமை கோரக்கூடிய மேரி ஏன் தலைவலி என்பது இந்த ஒரு கோட்டிலேயே விளங்கிவிடும்.

மதத்துக்கு இரண்டு நிறச் சாக்பீஸ் போதும். 1560இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் போப்பின் அதிகாரத்தை ஒதுக்கியது. மறு வருடம் பிரான்சிலிருந்து திரும்பிய பதினெட்டு வயது கத்தோலிக்க ராணி அதை மாற்ற முயலவில்லை. தன் அரண்மனைக்குள் மட்டும் திருப்பலி கண்டார். புராட்டஸ்டன்ட் போதகர் ஜான் நாக்ஸுக்கு அதுவே பொறுக்கவில்லை. ஆனால் சாக்பீஸை ரொம்ப நம்பாதீர்கள். மேரியின் வீழ்ச்சிக்குக் காரணமான மூன்றாவது கணவர் பாத்வெல் ஒரு புராட்டஸ்டன்ட்!

நேரத்தை எல்லாம் 1567க்கு ஒதுக்குங்கள். பிப்ரவரி 10 அதிகாலையில் எடின்பரோவில் இரண்டாம் கணவர் டார்ன்லி தங்கியிருந்த வீடு வெடிமருந்தில் தூளாகிறது. அவர் உடலோ வெளியே தோட்டத்தில், இரவுச் சட்டையோடு, வெடித்த காயமே இல்லாமல் கிடக்கிறது. பக்கத்தில் ஒரு நாற்காலி. அந்தக் காட்சியை அப்போதே வரைந்து இங்கிலாந்துக்கு அனுப்பிய படம் இன்றும் இருக்கிறது. அதைக் காட்டிவிட்டு ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொள்ளுங்கள். பிள்ளைகளே துப்பறிவார்கள்.

பிறகு தேதிகளை மட்டும் எழுதுங்கள். ஏப்ரல் 12, டார்ன்லி கொலை வழக்கில் பாத்வெல்லுக்கு ஒரே நாளில் விடுதலை. மே 15, அவரோடு மேரிக்குக் கல்யாணம். ஜூன் 15, எதிர்த்து எழுந்த பிரபுக்களிடம் கார்பெரி குன்றில் மேரி சரண். ஜூலை 24, ஒரு வயது மகனுக்காக முடிதுறப்பு. மேரிக்குக் கொலையில் பங்குண்டா என்று கேட்பார்கள். மேரி பாத்வெல்லுக்கு எழுதியதாகச் சொல்லப்படும் பேழைக் கடிதங்கள்தான் முக்கிய ஆதாரம், அவற்றின் மூலப் பிரதிகளே காணாமல் போய்விட்டன. எனவே பதிலைப் பென்சிலில் எழுதச் சொல்வேன்.

1568இல் மேரி இங்கிலாந்துக்குத் தப்பி ஓட, எலிசபெத் அவரைக் காவலில் வைத்தார். பதினெட்டு வருடத்துக்கு மேல் நீண்ட அந்தச் சிறைவாசத்தைச் சுருக்கலாம், எலிசபெத்தைக் கொல்லும் சதியில் மேரியைச் சிக்கவைத்த, பீர் பீப்பாய்க்குள் ஒளித்துக் கடத்திய கடிதங்களைத் தவிர. 1587 பிப்ரவரி 8இல் மேரியின் தலை வெட்டப்பட்டதைச் சொன்னதும், இரண்டு ராணிகளும் நேரில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கட்டாயம் ஒரு கை உயரும். அவர்கள் கடைசிவரை சந்திக்கவே இல்லை.