பழைய ஜீப் செரோக்கிக்குப் பின்னாலும் டிஸ்க் பிரேக் போடுவது எப்படி

பின்னால் டிஸ்க் பிரேக் (சக்கரத்தோடு சுற்றும் தட்டை இரு பக்கமும் பேட் கவ்வி நிறுத்துவது) போட்டால் வண்டி பாதி தூரத்திலேயே நின்றுவிடும் என்று நினைத்து இதைப் படிக்க வந்திருந்தால், அப்படியெல்லாம் நடக்காது. பிரேக்கை மிதித்ததும் எடை முன்பக்கம் சாய்ந்துவிடும், வண்டியை நிறுத்துகிற வேலையில் பெரும்பகுதியை முன் சக்கரங்கள்தான் செய்கின்றன, ஒழுங்காக அட்ஜஸ்ட் செய்த பழைய டிரம் பிரேக்கே (சுற்றும் டிரம்முக்குள் ஷூ விரிந்து உரசி நிறுத்துவது) பின்சக்கரத்தை லாக் பண்ணிவிடும். நான் மாற்றியது சேற்றுக்காக. மிச்சிகனில் டிரமண்ட் தீவுப் பக்கம் ஒரு நாள் ஓட்டிவிட்டு வந்தால் டிரம்முக்குள் போன சேறு வெளியே வர வழியே கிடையாது, மூடி போட்ட சட்டிதானே அது. உள்ளேயே கிடந்து ஷூவின் லைனரையும் டிரம்மையும் அரைக்கும். தண்ணீரில் இறங்கி ஏறினால் முதல் நாலைந்து மிதிக்குப் பின்பக்கம் பிரேக் இருக்கிறதா என்றே தெரியாது. டிஸ்க் திறந்து கிடப்பதால் இரண்டு சுற்றிலேயே தண்ணீரைச் சிதறடித்துவிடும், பேட் தேய்ந்திருக்கிறதா என்று சக்கரத்தைக் கழற்றினாலே தெரிந்துவிடும்.

வண்டி ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே, 1984 முதல் 2001 வரை அமெரிக்காவில் விற்றது. அந்த வருடங்கள் முழுக்கப் பின்னால் டிரம்தான். ஆனால் அதன் அண்ணன் மாதிரி வந்த கிராண்ட் செரோக்கி இசட்ஜே (1993 முதல் 1998 வரை) பலவற்றில் பின்னாலும் டிஸ்க் உண்டு, இரண்டுக்கும் சக்கர போல்ட் அமைப்பும் ஒன்றே, ஐந்து போல்ட், நாலரை அங்குல வட்டத்தில். அதனால் பழைய வண்டி உடைக்கும் யார்டில் ஒரு இசட்ஜே கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. கிட் வாங்கினாலும் ஆகும், ஆனால் பல கிட்டுகளில் ஹேண்ட் பிரேக் இருக்காது. மலைச்சரிவில் நிறுத்துகிற வண்டிக்கு அது சரிப்படாது.

முதலில் உங்கள் பின் ஆக்சில் எது என்று பாருங்கள். டானா 35 என்றால் ஆக்சிலின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியலின் (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர்கள்) மூடி முட்டை வடிவில் இருக்கும், இசட்ஜேயின் பிரேக் மாட்டும் தகடுகள் அப்படியே உட்காரும். க்ரைஸ்லர் 8.25 என்றால் மூடியின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும், அதற்குத் தகட்டின் நடு ஓட்டையைக் கொஞ்சம் அரைத்துப் பெரிதாக்க வேண்டும். நான் செய்தது டானா 35. உங்கள் வண்டியில் ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) இருந்தால் சென்சார் விவகாரம் தனிக்கதை, இதை வைத்துச் செய்யாதீர்கள்.

யார்டில் எடுக்க வேண்டியவை: காலிப்பர் (பேட்டை அழுத்தும் கவ்வி) மாட்டும் தகடு இரண்டும், காலிப்பர்கள், ஹோஸ் மாட்டும் பிராக்கெட்டுகள், ஹேண்ட் பிரேக் கேபிள்கள் முழு நீளத்துக்கு, அப்புறம் மாஸ்டர் சிலிண்டருக்குக் (பெடலின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கொடுப்பது) கீழே இருக்கும் பித்தளை வால்வு. இந்தக் கடைசிப் பொருளைத்தான் எல்லோரும் மறந்துவிட்டு வருவார்கள். ரோட்டர் (சுற்றும் டிஸ்க் தட்டு), பேட், ஹேண்ட் பிரேக் ஷூ, ஹோஸ், ஆயில் கசியாமல் தடுக்கும் ஆக்சில் சீல் எல்லாம் புதிதாக வாங்குங்கள், இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

வேலைக்கு முந்தின நாளே எல்லா நட்டு போல்ட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். இங்கே குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பு கொட்டுவார்கள், பிரேக் பைப் நட்டு சாதா ஸ்பேனருக்கு வழுக்கி உருண்டையாகிவிடும், பைப் நட்டுக்கென்றே வருகிற ஸ்பேனர் ஒன்று அவசியம். முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள்.

டிரம்மைக் கழற்றியபின் ஆக்சில் ஷாஃப்டை வெளியே இழுக்காமல் பழைய தகடு வராது. 1990க்குப் பிறகு வந்த டானா 35இல் ஷாஃப்டைப் பிடித்திருப்பது டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சி வடிவ கிளிப். மூடியைத் திறந்து ஆயிலை வடித்தால் நடுவில் ஒரு குறுக்குப் பின், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு ஒல்லியான லாக் போல்ட். முழு வேலையிலும் எனக்கு வயிற்றைக் கலக்கியது இந்த ஒரு போல்ட்தான். டானா 35இல் இது உடைவதற்குப் பெயர்போனது, உடைந்தால் துளைபோட்டு எடுப்பதற்குள் ஒரு நாள் போய்விடும். ஆறுமுனை சாக்கெட் போட்டு, சூடு காட்டி, கால் சுற்று முன்னே கால் சுற்று பின்னே என்று பொறுமையாக ஆட்டி எடுங்கள். அந்தக் குறுக்குப் பின் வெளியே வந்தபிறகு ஷாஃப்டையோ புரொப்பெல்லர் ஷாஃப்டையோ சுற்றவே கூடாது, சுற்றினால் உள்ளே இருக்கும் சின்ன கியர்கள் உருண்டு கீழே விழும். ஷாஃப்டை உள்பக்கம் தள்ளினால் கிளிப் கையோடு வரும். இடது வலது மாறாமல் வையுங்கள். இந்த ஆக்சிலில் பேரிங்கின் ரோலர்கள் ஷாஃப்டின் மேலேயே உருளும், அந்த இடத்தில் விரல் நகம் சிக்குகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் சீல் மட்டும் மாற்றி உபயோகமில்லை.

பழைய தகட்டின் நான்கு போல்ட்டைக் கழற்றி, புதிய தகட்டை மாட்டி, புது சீல் அடித்து, ஷாஃப்ட், கிளிப், குறுக்குப் பின் என்று வந்த வழியே திரும்பப் போடுங்கள். லாக் போல்ட்டுக்குத் திரெட்லாக்கர் (மரை இளகாமல் பிடிக்கும் பசை) ஒரு துளி, அதில் பலத்தைக் காட்டக் கூடாது. 80டபிள்யூ-90 கியர் ஆயில் ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேலே பிடிக்கும், நிரப்பும் ஓட்டையில் எட்டிப் பார்க்கும் வரை ஊற்றுங்கள். லிமிட்டட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்) இருந்தால் அதற்கான கலவையும் சேர்க்க வேண்டும்.

ஹேண்ட் பிரேக் ரோட்டரின் தொப்பிக்குள் ஷூ வைத்த குட்டி டிரம். (ஆக, சேறு தேங்க ஒரு இடம் இன்னும் பாக்கி. என்ன செய்ய.) ரோட்டர் லேசாக உரசிச் சுற்றும் வரை ஷூவின் பல்சக்கரத்தைத் திருகி அட்ஜஸ்ட் செய்துவிட்டு, அதன் பிறகுதான் கேபிளை இழுத்துக் கட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் லீவர் பாதிக்கு மேல் வந்தும் பிடிக்காது. காலிப்பர் மாட்டும்போது பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியே எடுக்கும் (ஏர் எடுக்கும்) நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். நான் இடதும் வலதும் மாற்றி மாட்டிவிட்டு, ஒரு சாயங்காலம் முழுக்க ஏர் எடுத்தும் பெடல் பஞ்சு மாதிரியே இருக்க, மனைவி வந்து பார்த்து ‘அது ஏன் கீழே பார்த்து இருக்கிறது’ என்று கேட்டபிறகுதான் உறைத்தது. காற்று மேலேதானே நிற்கும்.

ஹோஸ் மாட்டியதும் ஜாக்கியை வண்டியின் பாடிக்குக் கொடுத்து ஆக்சிலை முழுசாகத் தொங்கவிட்டுப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் தொங்கவிட்டும் பாருங்கள். ஹோஸ் எங்கேயும் விறைக்கவும் கூடாது, ஸ்பிரிங்கில் உரசவும் கூடாது. பைப்பை ஒட்டுப்போட வேண்டி வந்தால் முனையை இரட்டை மடிப்பாக விரித்துத்தான் இணைக்க வேண்டும், தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற இறுக்கு மூட்டு பிரேக்கில் உயிரோடு விளையாட்டு.

இனி அந்தப் பித்தளை வால்வு. டிரம்மில் ஷூ சக்கரத்தின் சுழற்சியாலேயே உள்ளே இழுக்கப்பட்டுத் தன்னையே இறுக்கிக்கொள்ளும், டிஸ்க்குக்கு அந்த வசதி இல்லை, அதே பிடிப்புக்கு அதிக அழுத்தம் வேண்டும். எக்ஸ்ஜே வால்வோ டிரம்மை மனதில் வைத்துப் பின்பக்க அழுத்தத்தை வெட்டிவிடும். அதை அப்படியே விட்டால் டிஸ்க் அழகுக்கு மட்டும் சுற்றும். இசட்ஜே வால்வின் பின்பக்கத் திருகைக் கழற்றி, உள்ளே உள்ள பிஸ்டனையும் ஸ்பிரிங்கையும் உங்கள் வால்வுக்குள் மாற்றுங்கள். அட்ஜஸ்ட் செய்யும் வால்வு போடுவதாக இருந்தால் பழைய வால்வின் வெட்டும் பகுதியை எடுத்துவிட வேண்டும், இரண்டும் சேர்ந்து வெட்டினால் ஒன்றும் மிஞ்சாது. 1995க்கு முந்தைய வண்டிகளில் பூஸ்டரும் (மிதிக்கிற பலத்தைப் பெருக்குவது) சின்னது, பெடல் ஆழமாகப் போகிறது என்று தோன்றினால் 1995 அல்லது 1996 எக்ஸ்ஜேயின் இரட்டை டயஃபிராம் பூஸ்டரையும் அதன் மாஸ்டர் சிலிண்டரையும் ஜோடியாகத் தேடுங்கள்.

ஏர் எடுப்பது வலது பின், இடது பின், வலது முன், இடது முன் என்ற வரிசையில். பிரேக் ஆயில் டாட் 3 போதும், டாட் 4 ஊற்றினாலும் ஒத்துப்போகும், சிலிக்கான் டாட் 5 வேண்டவே வேண்டாம். மாஸ்டர் சிலிண்டர் காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது பேட் பழக வேண்டும். ஆளில்லாத ரோட்டில் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 10 வரை, நிற்காமல், பத்துத் தடவை இறக்கிவிட்டு ஆற விடுங்கள். பிறகு ஈரமான சரளைத் தரையில், சுற்றிலும் யாரும் இல்லாத இடத்தில், மெதுவான வேகத்தில் அழுத்தி மிதித்து, ஒரு நண்பரை வெளியே நின்று பார்க்கச் சொல்லுங்கள். எப்போதும் முன்சக்கரம்தான் முதலில் லாக் ஆக வேண்டும். பின்சக்கரம் முந்தினால் வண்டி வால் சுழற்றும், மழையில் வளைவில் அது நடந்தால் திருத்த நேரம் இருக்காது, வால்வைச் சரிசெய்யும் வரை வீட்டை விட்டு எடுக்காதீர்கள். நூறு கிலோமீட்டர் ஓடியபின் சக்கர நட்டுகளையும் காலிப்பர் போல்ட்டுகளையும் ஒரு தடவை இறுக்கிப் பார்த்துவிட்டு, ஆக்சில் சீல் பக்கம் ஆயில் கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எனக்கு வலப்பக்கம் லேசாகக் கசிந்தது, சீலைக் கோணலாக அடித்திருந்தேன், அந்த லாக் போல்ட்டை மறுபடியும் கழற்ற வேண்டி வந்தது.